கேட்காமல் கொடுத்த விடுதலை

கடந்த தீபாவளிக்கு மறுநாள் சுங்கை பட்டாணியில் டீச்சர் வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். தட்டில் முறுக்கும் நெய்யுருண்டையும் வந்தன. வழக்கமாகக் கூடத்து மேசையில் திறந்தபடியே இருக்கும் மடிக்கணினி அன்று மூடிக் கிடந்தது. அதன்மேல் பூப்போட்ட ஒரு துணி. துணியின்மேல் பழைய நாளிதழ்கள்.

“என்ன டீச்சர், எழுதறதில்லையா?”

“எழுதணும்பா. கண்ணு கொஞ்சம் சரியில்ல.”

அவர் கண்ணுக்கு ஒன்றுமில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே என் சட்டையில் ஒட்டியிருந்த முறுக்குத் தூளைச் சுட்டிக்காட்டியவர் அவர்.

டீச்சருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. 1970களில் ஒரு ரப்பர் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்தத் தோட்டம் இன்று இல்லை. அங்கே தாமான் வீடுகள் நிற்கின்றன. ஓய்வுபெற்று சில ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பள்ளியைப் பற்றி எழுதத் தொடங்கினார். மாதக் கடைசியில் ஓர் அத்தியாயம் மின்னஞ்சலில் வரும். பிழை பார்க்கச் சொல்லி அனுப்புவார். டீச்சர் எழுதியதில் நான் என்ன பிழை பார்ப்பது? எங்கேயாவது ஒற்று விட்டுப்போயிருந்தால், அன்று அவர் களைப்பாக இருந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

செப்டம்பர் கடைசியில் வரவேண்டிய அத்தியாயம் வரவில்லை. வயதானவர், முடியவில்லை போலும் என்று விட்டுவிட்டேன். அதற்கு இரண்டு வாரம் முன்பு, மலேசிய தின விடுமுறையில், அவர் வீட்டுக்குப் போய் அந்தக் கணினியிலிருந்த விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸை ஏற்றிக் கொடுத்தது நான்தான். அதையும் வராத அத்தியாயத்தையும் இணைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

எந்த இயங்குதளம் உசத்தி என்று சொல்ல இதை எழுதவில்லை. அந்தச் சண்டை முப்பது வருடமாக நடக்கிறது, இன்னும் முப்பது வருடம் நடக்கும். என்னைத் தொந்தரவு செய்வது வேறு கேள்வி. ஒருவருக்கு நல்லது என்று நாம் உறுதியாக நம்பும் ஒரு மாற்றத்தை அவரைக் கேட்காமல் செய்யலாமா? செய்தபின் அதன் செலவை யார் ஏற்பது?

*

என் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு மேம்படுத்தல்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிடும் என்று மைக்ரோசாப்ட் அறிவித்திருந்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11க்குப் போக வேண்டுமென்றால் கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். புராசசரும் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்க வேண்டும். டீச்சரின் மடிக்கணினி 2016இல் வாங்கியது. பட்டியலில் இல்லை. ஆனால் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. விசைப்பலகையில் இரண்டு எழுத்து தேய்ந்திருந்ததைத் தவிர, அதற்கு வயதானதற்கு வேறு அடையாளமே இல்லை. நன்றாக இருக்கும் ஒரு பொருளை, எங்கோ குறிக்கப்பட்ட ஒரு தேதிக்காக ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தூக்கிப்போட வேண்டுமா?

எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. ரிச்சர்ட் ஸ்டால்மன் கதை தெரிந்திருக்கும். 1980 வாக்கில் எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு வந்த ஓர் அச்சுப்பொறி அடிக்கடி சிக்கிக்கொண்டது. அதன் மென்பொருளைத் திருத்தி வசதி செய்துகொள்ளலாம் என்று மூலநிரலைக் கேட்டார். தர மறுத்துவிட்டார்கள். தன் முன்னால் நிற்கும் இயந்திரத்தைத் தன்னால் திருத்த முடியாது என்ற அந்த எரிச்சலும் 1983இல் அவர் குனு திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் இருந்தது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கருநிரல் அதனோடு சேர்ந்தபோது, யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் கூடிய ஒரு முழு இயங்குதளம் கிடைத்தது. பயன்படுத்துபவர் கையில்தான் கட்டுப்பாடு இருக்கவேண்டும் என்பது அதன் அறம். எனக்கு அதில் நம்பிக்கை இருந்தது, இப்போதும் இருக்கிறது.

ஆனால் நான் அதற்கு மாறியபோது பட்ட பாட்டை இப்போது யோசித்துப் பார்க்கிறேன். முதல் வாரம் ‘சி டிரைவ்’ எங்கே என்று தேடினேன். அப்படி ஒன்று அங்கே இல்லை. எல்லாம் ஒரு சாய்கோட்டிலிருந்து மரம்போலக் கிளை விரியும். உண்மையில் ‘சி’ என்ற பெயரே ஒரு பழைய பழக்கத்தின் மிச்சம்தான். ‘ஏ’, ‘பி’ இரண்டும் நெகிழ்வட்டுகளுக்கு ஒதுக்கப்பட்டதால் வன்வட்டு ‘சி’ ஆனது. நெகிழ்வட்டுகள் செத்து எத்தனையோ வருடமாகியும் எழுத்து அப்படியே நிற்கிறது. அப்புறம் கோப்புப் பெயர்கள். லினக்ஸில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. ஒரே பெயரில் இரண்டு கோப்புகளை வைத்துக்கொண்டு பழையதில் திருத்தம் செய்துகொண்டிருந்தேன். அச்சுப்பொறி மூன்று நாள் பேசவில்லை. ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு, நிறுத்தற்குறி ஒன்று இடம் மாறிப்போனதற்காக மேசையை ஓங்கிக் குத்தியிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

இத்தனையும் தாங்கினேன். ஏன் தாங்கினேன் என்று இப்போது தெரிகிறது. அது நானே தேடிப்போன கஷ்டம். மலையேறுகிறவன் மூச்சு வாங்குவதைப் பற்றிப் புகார் சொல்வதில்லை. அவனையே யாராவது தூக்கத்தில் தூக்கிக்கொண்டுபோய் மலை உச்சியில் இறக்கிவிட்டிருந்தால் அங்கே எவ்வளவு நல்ல காற்று வீசினாலும் கோபம்தான் வந்திருக்கும்.

*

துணியை எடுக்கட்டுமா என்று கேட்டேன். “எடுத்துக்கோ, உன் சாமான்தானே” என்றார் டீச்சர். கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் உறைத்தது.

அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ரோமன் எழுத்துகளில் ஒலிப்பை வைத்துத் தட்டும் முறையில்தான் இருபத்தைந்து வருடமாக அவர் தமிழ் எழுதிக்கொண்டிருந்தார். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1980களில் உருவாக்கிய முரசு மென்பொருளின் வழியாகத் தமிழ்த் தட்டச்சுக்கு வந்த தலைமுறையில் அவரும் ஒருவர். நானோ, லினக்ஸை ஏற்றிய கையோடு தமிழ்99 விசைப்பலகையையும் வைத்துவிட்டு வந்திருந்தேன். ஏனென்றால் அது தமிழின் இயல்புக்கு நெருக்கமானது, உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில், புள்ளி பல இடங்களில் தானாகவே விழும் என்றெல்லாம் எனக்கு ஓர் அபிப்பிராயம். பத்து நிமிடம் விளக்கியிருந்தேன். அவர் தலையாட்டினார். வகுப்பில் நாங்கள் புரியாமல் தலையாட்டியபோது டீச்சர் கண்டுபிடித்துவிடுவார். எனக்கு அந்தத் திறமை வரவில்லை.

“அம்மானு அடிச்சா ர ரன்னு என்னமோ வருதுப்பா. ஒரு பக்கம் எழுத ராத்திரி ஆச்சு. அப்புறம் யோசிக்கறதே நின்னுபோச்சு. எந்த எழுத்து எங்க இருக்குனு தேடுறப்போ, என்ன எழுத வந்தேன்னு மறந்துடுது.”

“போன் பண்ணியிருக்கலாமே டீச்சர்?”

“நீ அவ்ளோ தூரத்துலேருந்து வந்து செஞ்சு கொடுத்த. சொன்னா உனக்குச் சங்கடமா இருக்கும்.”

அடுத்து அவர் சொன்னதைத்தான் என்னால் இன்னும் தாண்டிவர முடியவில்லை. அவரிடம் ஒரு பெயர்ப்பட்டியல் இருந்தது. 1976 முதல் அவரிடம் படித்த பிள்ளைகளின் பெயர்கள், ஆண்டுவாரியாக. 2001இல் பழைய வருகைப் பதிவேடுகளைப் பார்த்து அவரே தட்டி வைத்தது. அந்தப் பதிவேடுகள் பின்னால் ஒரு வெள்ளத்தில் போய்விட்டன. அந்தக் கோப்பைத் திறந்து பார்த்திருக்கிறார். பெயர்கள் இருந்த இடத்தில் தலைக்குமேல் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளும் விளங்காத குறிகளும் வரிசை வரிசையாக நின்றன.

“எல்லாம் போச்சுனு நெனச்சேன்” என்றார்.

போகவில்லை. யூனிகோடு பரவலாவதற்கு முன்பு தமிழ் எழுத்துருக்கள் ஒரு தந்திரத்தில்தான் ஓடின. கணினி தன் கணக்கில் ஓர் ஐரோப்பிய எழுத்தின் எண்ணைச் சேமிக்கும். எழுத்துரு அந்த எண்ணுக்குத் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டும். ஒவ்வொரு நிறுவனமும் தன்தன் வசதிக்கு எண் கொடுத்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்று குறியாக்கங்களைத் தரப்படுத்தினார்கள். இணையத் தமிழர்கள் டிஸ்கி என்று ஒன்றை வைத்திருந்தார்கள். எதுவானாலும் உரிய எழுத்துரு கணினியில் இல்லையென்றால் முகமூடி கழன்றுவிடும், உள்ளே இருக்கும் குறிகள் வெளியே தெரியும். நான் டீச்சரின் கோப்புகளையெல்லாம் பென்டிரைவில் பத்திரமாக எடுத்து வைத்தேன். எழுத்துருக்களை எடுக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. பழைய குறுவட்டு ஒன்றில் அந்த எழுத்துரு என்னிடம் இருந்தது. சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும்.

ஆனால் தன் பிள்ளைகளின் பெயர்கள் அழிந்துவிட்டன என்று ஒருவர் ஐந்து வாரம் நம்பிக்கொண்டிருந்தார். அதை அழித்தவனுக்குச் சங்கடமாக இருக்குமே என்று சொல்லாமலும் இருந்தார். அந்த ஐந்து வாரத்தை எந்த எழுத்துருவை வைத்துச் சரிசெய்வது?

*

தமிழில் ‘பழகு’ என்றொரு சொல் இருக்கிறது. மனிதரோடும் பழகுகிறோம், கருவியோடும் பழகுகிறோம், ஊரோடும் பழகுகிறோம். பழகின முகம், பழகின கை, பழகின பாதை. பழக்கம் என்பதை வெறும் இயந்திரத்தனமான மறுசெய்கையாக நினைத்திருந்தால் நம் ஆட்கள் நட்புக்கும் அதே சொல்லைப் புழங்கியிருக்க மாட்டார்கள். ‘அவங்களோட எனக்கு நல்ல பழக்கம்’ என்று சொல்லும்போது அதில் ஓர் உறவு இருக்கிறது. டீச்சருக்கு அவர் விசைப்பலகையோடு இருந்தது அப்படிப்பட்ட பழக்கம். அதை நான் ‘பழைய முறை’ என்று மட்டுமே பார்த்தேன்.

பிரெஞ்சுத் தத்துவவாதி மெர்லோ போந்தி 1945இல் வெளிவந்த தன் நூலில் தட்டச்சு செய்பவரைப் பற்றிப் பேசுகிறார். எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாமல் போகலாம், ஆனால் கைக்குத் தெரியும். அது கையில் இருக்கும் அறிவு. அதே இடத்தில் அவர் ஓர் ஆர்கன் இசைக்கலைஞரையும் காட்டுகிறார். முன்பின் தெரியாத ஆர்கனில் உட்கார்ந்தாலும் ஒரு மணிநேரப் பயிற்சியில் அவர் வாசிக்கத் தயாராகிவிடுவார். உடம்பு பழக்கத்துக்கு அடிமை இல்லை, புதியதையும் தன்னுடையதாக்கிக்கொள்ளும் என்பது அதன் பொருள். இதை நான் முன்பெல்லாம் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வேன். பார், யாராலும் மாற முடியும், கொஞ்சம் முயற்சி வேண்டும், அவ்வளவுதானே? இப்போது ஒன்று கண்ணில் படுகிறது. அந்தக் கலைஞர் வாசிக்க வேண்டும் என்று தானாக வந்து உட்கார்ந்தவர்.

விடுதலை பற்றியும் இதேதான். ஐசையா பெர்லின் 1958இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரையில் விடுதலையின் இரண்டு கருத்துகளைப் பிரித்துக் காட்டினார். பிறர் தலையிடாமல் விடுவது ஒன்று. தனக்குத் தானே எஜமானாக இருப்பது மற்றொன்று. இரண்டாவதில் ஒரு பொறி இருக்கிறது என்று எச்சரித்தார். ‘உன் உண்மையான விருப்பம் என்ன என்று உனக்கே தெரியவில்லை, எனக்குத் தெரியும்’ என்று ஒருவர் சொல்லத் தொடங்கிவிட்டால், விடுதலையின் பெயராலேயே இன்னொருவரை எதையும் செய்ய வைக்கலாம். இதை அரசாங்கங்களைப் பற்றியது என்றே படித்திருந்தேன். ஒரு பென்டிரைவோடு வடக்கு நோக்கிக் காரோட்டிப் போகிறவனுக்கும் அது பொருந்தும் என்று நினைக்கவில்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும். பழக்கம் அவ்வளவு அப்பாவியும் இல்லை. ஒரு பொருளுக்குப் பழகிவிட்டால் நாம் அதை விடமாட்டோம் என்று தெரிந்துதான் சந்தை இயங்குகிறது. ‘அவங்களுக்குப் பழகிடுச்சு, விட்டுடு’ என்றே சொல்லிக்கொண்டிருந்தால் யாருமே எதிலிருந்தும் வெளியே வரமுடியாதே? உண்மைதான். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாறுவதென முடிவெடுத்தது. பத்தாண்டுகளில் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றினார்கள். 2017இல் நகரமன்றம் வாக்களித்து மறுபடியும் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. காரணம் அரசியலா, தொழில்நுட்பமா, ஊழியர்களின் அலுப்பா என்று இன்றைக்கும் வாதாடுகிறார்கள். எனக்குப் படுவது இதுதான்: இரண்டு முறையும் வாக்களித்தவர்கள் வேறு, மறுநாள் காலையில் வந்து கடிதத்தைத் திறக்க முடியாமல் விழித்தவர்கள் வேறு. தேதி குறிக்கும் நிறுவனத்துக்கும் இது பொருந்தும், அதை எதிர்க்கும் எனக்கும் பொருந்தும். முடிவை ஒருவர் எடுக்கிறார், செலவை இன்னொருவர் கொடுக்கிறார். நாள் கணக்கில், தூக்கத்தில், தன்னம்பிக்கையில்.

*

அன்று சாயங்காலம் டீச்சரிடம் வேறொரு மாற்றத்தைப் பற்றிக் கேட்டேன். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. யானைத் தும்பிக்கை போட்டு எழுதிய ணை, லை, ளை, னை எல்லாம் போய் இன்றைய வடிவம் வந்தது. ணா, றா, னா தங்கள் சுழிகளை விட்டுத் துணைக்கால் வாங்கிக்கொண்டன. சிங்கப்பூரும் மலேசியாவும் பிறகு அதைப் பின்பற்றின. அப்போது வகுப்பில் நின்றவர் அவர்.

“கஷ்டமா இல்லையா டீச்சர்?”

“இல்லாம? எழுதிப் பழகின கை. கரும்பலகையில தும்பிக்கைதான் வந்து நிக்கும். அழிச்சுட்டு மறுபடி எழுதுவேன். பிள்ளைங்க சிரிக்கும்.” மைலோவை ஒரு வாய் குடித்தார். “அண்ணாமலைனு ஒரு பையன். அவன் பேர்ல ரெண்டு எழுத்து மாறிடுச்சு. டீச்சர், என் பேரு மாறிப்போச்சானு கேட்டான். அழுவுற மாதிரி நின்னான். பேரு மாறலப்பா, எழுத்துதான் சட்ட மாத்திக்கிச்சுனு சொன்னேன். ரெண்டு விதமாவும் எழுதிக் காட்டுனேன். ரொம்ப நாள் அவன் பழையபடிதான் எழுதுனான். நான் தப்புப் போடல.”

தப்புப் போடல. இதை அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மேலிடத்து ஆணையைச் செயல்படுத்திய ஆள்தான் அவரும். ஆனால் பழைய வடிவத்தை அவர் படிக்க மறுக்கவில்லை. கை பழகும்வரை பக்கத்தில் நின்றார். மாற்றத்தின் செலவில் ஒரு பகுதியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். நான் பத்து நிமிடம் விளக்கிவிட்டுப் போக்குவரத்து நெரிசலுக்கு முன்னால் கிளம்பிவிட்டேன்.

அவர் திரும்பி வந்ததும், செப்டம்பரில் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொன்னேன். விண்டோஸ் 10க்கு ஓராண்டு நீட்டிப்பு இருந்தது. கணக்கு ஒன்றைத் திறந்து பதிந்துகொண்டால் தனிப்பட்ட கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு மேம்படுத்தல்கள் கிடைக்கும். எனக்கு அது அப்போதே தெரியும். சொன்னால் ‘அப்படீனா இருக்கட்டும்பா’ என்பார் என்றும் தெரியும். அதனால் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லைதான். தேர்ந்தெடுக்க இருந்த ஒன்றை மறைத்துவிட்டு, தேர்வுரிமையைப் பற்றிப் பாடம் நடத்தினேன்.

டீச்சர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்த ஒரு வருசம் எனக்கு இப்பவும் கிடைக்குமா?” என்றார்.

“கிடைக்கும் டீச்சர்.”

“அப்போ பழையபடி வெச்சுக் கொடு. புத்தகத்த முடிச்சுடறேன். அதுக்கப்புறம் நீ சொல்றத உக்காந்து கத்துக்கறேன். ஆனா ஒண்ணு. முதல்ல என் பிள்ளைங்க பேரெல்லாம் அதுல ஒழுங்கா தெரியுதானு காட்டு. அப்புறம் பேசுவோம்.”

அன்றிரவு அங்கேயே தங்கினேன். லினக்ஸை அழித்து விண்டோஸை ஏற்றும்போது கை கொஞ்சம் கூசியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தோற்றுப்போன மாதிரி இருந்தது. பிறகு அவருடைய விசைப்பலகையையும் எழுத்துருக்களையும் ஒவ்வொன்றாக வைத்தேன். பதிவு செய்வதை அவரையே செய்யச் சொன்னேன். மறுநாள் அவர் முன்னால் அந்தப் பட்டியலைத் திறந்தபோது, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் பக்கத்தை மெதுவாகக் கடைசிவரை படித்தார். வாய்விட்டுத்தான் படித்தார். வருகை எடுப்பதுபோல.

நவம்பர் கடைசியில் அத்தியாயம் வந்தது. ஓர் ஒற்றும் விட்டுப்போகவில்லை.

இப்போது இரவுகளில் அந்தப் பட்டியலை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். மாற்றிகள் இருக்கின்றன, ஆனால் அங்கங்கே ஒரு கொம்பையோ காலையோ விழுங்கிவிடுகின்றன. அதனால் ஒவ்வொரு பெயராகச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. சந்தேகம் வந்தால் டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை வருகிறது, அதனால் வேலை மெதுவாகத்தான் நகர்கிறது. அக்டோபருக்குள் முடித்துவிடுவேன். அவர் லினக்ஸுக்கு வருவாரா, மாட்டாரா என்பது அதன்பிறகு அவர் முடிவு.

நேற்று அண்ணாமலை வரை வந்திருக்கிறேன்.